பெம் அளவுகோல்: மீடியனில் வெட்டுவதா, வேண்டாமா?

வணக்கம். பாலினப் பாத்திர ஆய்வுக்கு அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம்மின் 1974 கேள்வித்தாளை எடுத்திருக்கிறோம். 20 ஆண்மைப் பண்புகள், 20 பெண்மைப் பண்புகள், 20 பொதுவானவை. ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் தர வேண்டும். (அன்றைய அமெரிக்கச் சமூகம் ஆணிடமும் பெண்ணிடமும் எதை விரும்பியது என்று கேட்டுத் தேர்ந்த பட்டியல் என்பதை மறக்க வேண்டாம்.)

மீடியனை (மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வைத்து ஆட்களை நான்கு வகையாக (ஆண்மை மட்டும் உயர்வு, பெண்மை மட்டும் உயர்வு, இரண்டும் உயர்வு, இரண்டும் தாழ்வு) பிரிக்கும்போதுதான் இடிக்கிறது. மீடியன் 4.9 என்றால் சராசரி 4.85 உள்ளவர் ஒரு கட்டத்தில், 4.95 உள்ளவர் வேறு கட்டத்தில். 20 விடைகளின் கூட்டுத்தொகையில் வித்தியாசம் வெறும் 2! பெண்கள் மட்டுமே உள்ள மாதிரியில் இன்னும் மோசம். பெண்மை மதிப்பெண் உயர்ந்தால் வெட்டுக்கோடும் கூடவே ஏறிவிடும்.

அதனால் இரு மதிப்பெண்களையும், அவற்றின் பெருக்கலையும் நேரடியாக ரிக்ரஷனில் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை) போட நினைக்கிறோம். செய்தவர்கள் சொல்லுங்கள்: மாதிரி அளவு எவ்வளவு வைத்தீர்கள்? இதே கேள்வித்தாளின் 30 உருப்படிக் குறுவடிவில் நம்பகத்தன்மை குறைந்ததா?