ரேடியோ ‘சேஸ்’: அடிச்சட்டமா, தகட்டுமேடையா?

தருமபுரியிலிருந்து:

வணக்கம். பழைய வால்வு ரேடியோவைப் பெட்டியிலிருந்து கழற்றும் குறிப்பில் ‘சேஸ்’ (chassis) என்ற சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேவைப்படுகிறது. அகராதிகள் தரும் ‘அடிச்சட்டம்’ லாரிக்குச் சரி. நெடுக இரண்டு இரும்பு, குறுக்கே பல. ரேடியோவில் இருப்பதோ ஓரம் கீழ்நோக்கி மடித்த தகடு. மேலே வால்வு, டிரான்ஸ்பார்மர், கேங் (நிலையம் மாற்றும்போது நகரும் தகடுகள் கொண்ட கண்டன்சர்). அடியில் ரெசிஸ்டர், கண்டன்சர், ஒயர். மரப்பெட்டிக்குள்ளும் சட்டம் உண்டு என்பதால், ‘சட்டத்தைக் கழற்றுக’ என்றால் கை எங்கே போகுமோ! ‘அடித்தட்டு’ என்றால் மக்கள் நினைவு வரும். ‘தகட்டுமேடை’ என்கிறேன்.

ஓசூரிலிருந்து:

ஐயா, லாரிக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று என்று எதற்கு? பட்டறையில் இரண்டுமே சேஸ்தான். அப்படியே விடலாமே. புதுச்சொல் வேலைக்கு உதவினால்தான் நிற்கும்.

தருமபுரியிலிருந்து:

உதவுகிறதா என்று கழற்றிப் பார்ப்போம். பிளக்கைப் பிடுங்கி, பின்பக்க அட்டையை எடுத்ததும் முதல் வேலை மின்தேக்கியில் (கண்டன்சர்) தேங்கிய மின்சாரத்தை இறக்குவது. எச்.டி. (உயர் மின்னழுத்த) லைனில் 250 வோல்ட்டோ அதற்கு மேலோ நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு காலை மேடையின் எச்.டி. நெகட்டிவ் முனையிலும் மறுகாலைப் பாசிட்டிவிலும் சில நொடி பிடித்து, மீட்டரில் சுழி காட்டுகிறதா பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டினால் பொறி பறக்கும்; கண்டன்சரும் கெடும்.

அடுத்து குமிழ்கள். பக்கவாட்டில் துளை தெரிந்தால் உள்ளே புதைதிருகு இருக்கும். மெழுகு அடைத்திருந்தால் சுரண்டி எடுங்கள். திருகே இல்லாதது வெறுமனே செருகியது. குமிழுக்குப் பின்னால் துணியை வளைத்து இரு முனையையும் சேர்த்து நேராக இழுங்கள். நெம்பினால் வெனீரில் பள்ளம் விழும், பேக்லைட் குமிழும் பிளக்கும். குமிழடியில் இருக்கும் ஃபெல்ட் வளையத்தைத் தொலைக்க வேண்டாம்.

டயல் கண்ணாடி பெட்டியோடு ஒட்டியிருக்கும் செட்டுகளில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கேங்கை முழுக்க உள்ளே மூடுங்கள், தகடுகள் வளையாது. முள் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, நூலிலிருந்து முள்ளைக் கழற்றுங்கள். குறிக்காவிட்டால் மாட்டியபின் பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் வேறெங்கோ நிற்கும். மேஜிக் ஐ (நிலையம் சரியாகப் பிடித்ததைப் பச்சை ஒளியால் காட்டும் வால்வு) பெட்டியின் கிளிப்பில் இருந்தால் அதையும் விடுவியுங்கள். ஸ்பீக்கர் ஒயரைப் பற்றவைத்த இடத்தில் எடுங்கள். வெளியே வைத்துச் சோதிக்கும்போது ஸ்பீக்கரை மறுபடி கோக்காமல் பவர் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடலாம்.

கடைசியில் பெட்டிக்கடியில் போல்ட்டுகள், பெரும்பாலும் நான்கு. ரப்பர் வளையம் கல்லாகி ஒட்டியிருக்கும். ஒரு கை உள்ளே தாங்கிக்கொண்டே கழற்ற வேண்டும். கனம் டிரான்ஸ்பார்மர் பக்கம் சாயும். வெளியே வருவதைப் பாருங்கள்: சட்டமா, மேடையா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

மேடைக்கு என் வாக்கு. ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகளில் மெயின்ஸின் ஒரு முனை மேடையிலேயே சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் மேடை முழுக்க 230 வோல்ட். சுவிட்ச் மேடைப் பக்க ஒயரில் இருந்தால், அணைத்த பிறகும், வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வரிசை வழியே மின்சாரம் மேடைக்கு வரும். புதைதிருகுத் துளையை மெழுகால் அடைத்தது அழகுக்கல்ல. திருகின் தலை தண்டு வழியே மேடையைத் தொடுகிறது. மாட்டும்போது மெழுகைத் திரும்ப அடைத்தே ஆக வேண்டும். ‘சட்டம்’ என்று படிப்பவர் இதை வெறும் தாங்கி என்று நினைத்துத் தொடுவார்.

இந்த வகைக்கு ‘மின்னேறு மேடை’ என்று வைப்போம். வினைத்தொகை: ஏறிய, ஏறுகின்ற, ஏறும். பிளக்கின் திசையைப் பொறுத்து மின் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்று காலத்தையும் ஒரே சொல் சுமக்கிறது. ‘இடியேறு’ (பேரிடி) நினைவுக்கு வந்தாலும் நல்லதே.

ஓசூரிலிருந்து:

மின்னேறு மேடை எனக்கும் சரி. சேஸை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘டிரான்ஸ்பார்மர் இல்லாத’ என்ற அடையாளம் போதாது, தோழரே. யு.சி.எச். 42, யு.எல். 41 போல ‘யு’ வரிசை வால்வுகள் இருந்தால் ஹீட்டர்கள் தொடராக 100 மில்லி ஆம்பியரில் ஓடும்; அது மின்னேறு மேடைதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் (மெயின்ஸிலிருந்து பிரிக்காத, ஒரே சுருள் கொண்டது) போட்ட செட்டுகளும் உண்டு. டிரான்ஸ்பார்மர் தெரியும், மேடையிலோ மின் ஏறும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, ரேடியோ சுவிட்சை ஆன் செய்து, ஒவ்வொரு பிளக் முள்ளுக்கும் மேடைக்கும் இடையே ஓம் பாருங்கள். ஏதாவது ஒன்று சுழியோ சில நூறு ஓமோ காட்டினால் அது மின்னேறு மேடை. பெட்டிக்கு வெளியே வைத்து ஓட்ட, மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அதற்கு ஒரு சொல் யாராவது தாருங்கள். ‘பிரிப்பு மின்மாற்றி’ எனக்கு அரைமனதுதான்.