கைக்கு வரும் சம்பளமும் ஊருக்கு வந்து சேரும் பணமும்: வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போனவர்களின் அனுபவப் பகிர்வு

பள்ளத்தூர் ஆசிரியை:

தாய்லாந்தா, மாலத்தீவா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தையும் வாடகையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். 2024இல் மாலத்தீவின் லாமு அட்டோல் என்னும் தீவுக் கூட்டத்தில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை பார்த்தேன். மாதம் 14,000 ரூஃபியா, தங்கும் இடம் இலவசம். மீனும் தேங்காயும் தவிர ஏறக்குறைய எல்லாமே படகில் வந்து இறங்க வேண்டிய ஊர் என்பதால், தக்காளியைக் கையில் எடுத்து விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்த நாள்கள் உண்டு. ஆனாலும் 5,000க்குள் மாதத்தை ஓட்டி, 9,000 மிச்சம் பிடித்தேன். டாலருக்கு 15.42 ரூஃபியா என்னும் வங்கி விலையில் அது 580 டாலருக்குச் சற்று மேல்.

விடுமுறையில் தலைநகர் மாலேக்குப் போய், வங்கியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, கண்ணாடிக்குக் கீழே பணத்தை நீட்டினேன். அந்தப் பெண் எண்ணக்கூட இல்லை. ஒற்றை விரலால் நோட்டுக்கட்டை என் பக்கம் தள்ளி, இந்த மாதத்துக்கு நான் அனுப்பக்கூடிய வரம்பு முடிந்துவிட்டது என்றார். வெளியே ஒருவர் டாலருக்கு 18 ரூஃபியா கேட்டார். அந்த விலையில் என் 9,000க்கு 500 டாலர்தான் கிடைக்கும். ஏறக்குறைய 7,000 ரூபாய் அந்தச் சந்திலேயே போய்விடும். அது சட்டப்படியான வழியும் அன்று. நோட்டுக்கட்டைத் தள்ளிய அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

காரைக்குடிக்காரன்:

தாய்லாந்துப் பக்கத்தை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, நகோன் ராட்சசீமாவில் உள்ள ஒரு பள்ளிக்குக் காணொளி வழியே நேர்காணல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களிடம் கேட்கப்படும் டோயிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் வேண்டும் என்றார்கள். நான் 900க்கு மேல் எடுத்திருந்தேன். வேலை நேரத்தைக் காட்டுவதற்காக ஒருங்கிணைப்பாளர் தன் திரையைப் பகிர்ந்தபோது, தவறிப்போய்ச் சம்பளப் பட்டியல் திறந்துவிட்டது. அதே வகுப்பு, அதே 22 பாடவேளை. ஒரு பத்தியில் 38,000 பாட், அடுத்த பத்தியில் 22,000 பாட். முதல் பத்தியின் தலைப்பு 'தாய்மொழியினர்'. அவர் பதறிப்போய் மூடினார். நானும் பார்க்காதவன்போல அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னேன். அப்பச்சி (என் அப்பா) பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும்.

நான் போனேன். ஒரு பாட் 2.40 ரூபாய் என்று வைத்தால் 22,000 பாட் சம்பளம் 52,800 ரூபாய். அறை வாடகை 5,000 பாட். ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு மாத முன்பணத்தோடு அந்த மாத வாடகையையும் சேர்த்துக் கேட்டதால், முதல் சம்பளம் வருவதற்குள் 15,000 பாட் ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. சாப்பாடு மலிவு. மாதம் 9,000 பாட் மிச்சமானது. அனுப்பிய பணம் மறுநாளே காரைக்குடிக்கு வந்து சேர்ந்தது. பள்ளத்தூர் ஆசிரியை சொல்வதை வைத்துப் பார்த்தால், குறைந்த சம்பளத்துக்குப் போன நான்தான் நிம்மதியாக இருந்திருக்கிறேன் போலும்.

தேவகோட்டை வாசகி:

வளைகுடாவை விட்டுவிட்டீர்கள். 2018இல் ஷார்ஜாவில், இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். சம்பளம் 3,500 திர்ஹாம், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 65,000 ரூபாய், வருமான வரி கிடையாது. வீடு பார்க்கப் போன இடத்தில், ஆண்டு வாடகை 20,000 திர்ஹாமுக்கு பின்தேதியிட்ட நான்கு காசோலைகளைக் கேட்டார்கள். அதுவரை நான் காசோலையில் கையெழுத்துப் போட்டதே இல்லை. பணமில்லாமல் காசோலை திரும்பினால் அந்தக் காலத்தில் சிறைக்கே போக நேரும். 2022 தொடக்கத்தில்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. மூன்றாவது காசோலையில் கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனது. அந்த மனிதர் அதைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, 'மேடம், நிதானமாகப் போடுங்கள்' என்று மலையாளத்தில் சொன்னார்.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. என் 3,500இல் அடிப்படைச் சம்பளம் 1,500 மட்டுமே. மற்றவை வீட்டுப்படி, பயணப்படி என்று பிரித்திருந்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் பணிக்கொடை, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் கிடைக்கும். நான்கு ஆண்டு முடித்து வந்தபோது என் கைக்குக் கிடைத்தது 4,200 திர்ஹாம். முழுச் சம்பளமும் அடிப்படையாக இருந்திருந்தால் 9,800 வந்திருக்கும். கையெழுத்துப் போட்ட நாளில் அந்தப் பிரிப்பைப் பார்த்தேன். அது வெறும் எழுத்துவேலை என்று நினைத்தேன்.

கானாடுகாத்தான் பெரியவர்:

காரைக்குடித் தம்பி 22,000 பாட்டுக்குப் போனதை நான் ஏற்கவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு விலை வைப்பவனிடம் நாமாகப் போய் மலிவாக நின்றால், அடுத்து வருகிறவனுக்கும் அதே விலைதான். அதை விடுங்கள்.

நான் நைஜீரியாவில் ஆங்கிலம் கற்பித்தவன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் பக்கத்து ஆசிரியர்கள் பலர் எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள். 1986 செப்டம்பரில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். ஆசிரியர் அறையில் வானொலிச் செய்தி முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. கணித ஆசிரியர் மட்டும் சுண்ணக்கட்டியால் மேசையிலேயே வகுத்துப் பார்த்தார். சம்பளம் ஒரு காசு குறையவில்லை, ஊருக்கு அனுப்பும் பணம் சில வாரங்களில் பாதிக்கும் கீழே போனது. மாலத்தீவில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே சொல்கிறேன். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனபோது, கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையன் முதல் கடையை நடத்தும் மேலாள் வரை மூன்றாண்டுக்கு இவ்வளவு என்று சம்பளச் சீட்டில் எழுதிவிட்டுத்தான் கப்பலேறினார்கள். தங்குவதற்கு, கடையும் விடுதியுமான கிட்டங்கி இருந்தது. உங்களுக்குக் கிட்டங்கி இல்லை, ஆகவே சீட்டையாவது ஒழுங்காகப் படியுங்கள். சம்பளம் எந்த நாணயத்தில் என்று கேளுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமா, கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லாமல் பத்து மாதமா என்று கேளுங்கள். பத்து மாதம் என்றால் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டுப் பிறகு மகிழ்ச்சி அடையுங்கள். திரும்பி வரும் பயணச்சீட்டு யார் செலவு, சான்றிதழ்களுக்கு மாநில அரசும் வெளியுறவு அமைச்சகமும் தூதரகமும் முத்திரை வைப்பதற்கு ஆகும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முகவர் வழியாகப் போவதானால், அவருடைய பதிவு எண் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது. ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரோடு பேச்சை நீட்டவே வேண்டாம். பிறகு, ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டுக்கு வேண்டிய பணத்தை இங்கே வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே வைத்திருந்தால் அது செலவாகிவிடும்.

புதுவயல் பி.எட்.:

பெரியவர் மன்னிக்க வேண்டும். சீட்டைப் படிப்பது பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டு விலைக்குப் போகாதே என்று சொல்வது ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு எளிது. நான் பி.எட். முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளியில் 14,000 ரூபாய் வாங்குகிறேன். காரைக்குடி அண்ணன் மாதம் மிச்சம் பிடித்த 9,000 பாட் என் ஒன்றரை மாதச் சம்பளம்.

எனக்கு நடந்தது சிறிது. தென்கொரியாவுக்கு விண்ணப்பிக்க ஒரு படிவத்தைத் திறந்தேன். குடியுரிமை என்ற இடத்தில் ஏழு நாடுகள்தான் இருந்தன: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 'மற்றவை' என்றுகூட ஒன்று இல்லை. மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்தியா கொரியா பொருளாதார ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்கள் ஆங்கில உதவியாசிரியராகப் போவதற்கு வழி இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் முகவருக்கு அது தெரியவே தெரியாது. நான் சொன்னபோது, 'அதெல்லாம் பேப்பரில்தாம்மா இருக்கும், துபாய் போறியா' என்றார்.

பள்ளத்தூர் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 9,000 ரூஃபியாவைக் கடைசியில் என்ன செய்தீர்கள்?

காரைக்குடிக்காரன்:

பெரியவர் சொன்னது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்ததாக ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, 30,000 கேட்டேன். 26,000 கொடுத்தார்கள். பார்த்த அன்றைக்கே கேட்டிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்ற கணக்கு எனக்குத் தெரியாது, அதுதான் உறுத்துகிறது.

பள்ளத்தூர் ஆசிரியை:

தங்கைக்கு: அடுத்தடுத்த மாதங்களில் வரம்புக்கு உட்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினேன். ஆனால் புதிய சம்பளமும் வந்து அதன்மேல் சேர்ந்துகொண்டே இருந்ததால், பழைய கட்டு கரையவே இல்லை. ஒப்பந்தம் முடிந்து கொழும்பு வழியாக மதுரையில் வந்து இறங்கியபோது என் பையில் நான்காயிரம் ரூஃபியா மிச்சமிருந்தது. காரைக்குடியில் நாணயம் மாற்றித் தருகிற இரண்டு கடைகளிலும் திருச்சியில் ஒன்றிலும் கேட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் வெள்ளி, மலேசிய ரிங்கிட், திர்ஹாம் எதுவானாலும் வாங்குகிறார்கள், ரூஃபியாவை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆமைப் படம் போட்ட ஆயிரம் ரூஃபியா நோட்டுகள் நான்கும் இப்போது எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஆத்தாவின் பெட்டகத்தில், அப்பத்தா காலத்துப் பர்மா ரூபாய் நோட்டுகளுக்கு மேலே இருக்கின்றன.