சாந்தியாகோவிலிருந்து போர்த்தோவுக்குத் தலைகீழாக நடந்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. போர்த்துகலின் போர்த்தோவிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயத்துக்கு வழக்கமாக வடக்கே நடக்கும் போர்த்துகல் கடற்கரை யாத்திரைப் பாதையை வரும் ஜூனில் நானும் அக்காவும் எதிர்த்திசையில் நடக்கிறோம். சாந்தியாகோவில் தொடங்கி போர்த்தோ வரை, ஏறக்குறைய 280 கிலோமீட்டர். கோடையில் அங்கே வடகாற்று பலமாக வீசும். தெற்கே நடந்தால் அது முதுகைத் தள்ளிக்கொடுக்கும்.

வழிதான் கவலை. ரெதோந்தேலா ஊர் வரை, போர்த்துகலின் பாத்திமா திருத்தலத்துக்கு வழிகாட்டும் நீல அம்புகளைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அப்புறம் வீகோ பக்கம் திரும்பினால் பெரும்பாலும் சாந்தியாகோவுக்கு வழிகாட்டும் மஞ்சள் அம்புகள்தான், அதுவும் எதிரே வருபவர்கள் கண்ணில் படும்படி சுவர் மூலையிலும் கம்பத்திலும் வரைந்தவை. ஒவ்வொரு முக்கிலும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீகோ நகருக்குள் எப்படி வழி பிடித்தீர்கள்? எல்லையில் உள்ள ஆ குவார்தா ஊரிலிருந்து போர்த்துகலுக்குள் போக, மின்யோ ஆற்றைக் கடக்கப் படகை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா? அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு, அதனால் சின்னத் தகவலும் எங்களுக்குப் பெரிய உதவி.