உதவி: ஓடாக் தீவு எங்கே போனது? காஃபெக்ளுபென் ஏன் இவ்வளவு நீளம்?

கடலைமிட்டாய்: கிரீன்லாந்தின் வடகோடிக்கு ஒரு வரைபடம் போடுகிறேன். "உலகின் வடகோடி நிலம் ஓடாக்" என்று ஒரு பழைய குறிப்பில் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் கடல்பனிதான் தெரிகிறது. புதிய குறிப்போ "காஃபெக்ளுபென் ஓ தீவு" என்கிறது. எதைப் போடுவது? இன்னொன்று, இணைய வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்தத் தீவு 6 கி.மீ. நீளம் வருகிறது. 1 கி.மீ.கூட இருக்காது என்கிறார்களே!

நூல்கண்டு: நிலநடுக்கோட்டுக் கணக்கில் அளந்திருப்பீர்கள். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் ஊதிக்கொண்டே போகும். 83°40′ வடக்கில் சுமார் 9 மடங்கு. வகுத்துப் பாருங்கள், 700 மீட்டர் பக்கம் வரும். வடதுருவத்தை நடுவில் வைக்கும் வரைபடப் புரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பழையசோறு: முதலில் அந்த "ஓ"வை எடுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் குறுக்குக்கோடு போட்ட வட்டம் டேனிஷில் "தீவு" என்ற சொல்லே. நீங்கள் எழுதியிருப்பது "தீவு தீவு".

1900இல் அமெரிக்கத் துருவப் பயணி பியரி கண்ணில் பட்ட இடம் இது. 1921இல் அங்கே போன டேனிஷ் புவியியலாளர் லௌகே கொக், கோபன்ஹேகன் கனிமவியல் அருங்காட்சியகத்தின் காப்பி கிளப் பெயரை வைத்தார். ஆனால் "காப்பி கிளப் தீவு" என்று மொழிபெயர்க்க வேண்டாம். நம்மவர்கள் டிபன் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்!

ஓடாக் கதை வேறு. 1978இல் காஃபெக்ளுபெனை அளக்கப் போன டேனிஷ் குழு, அதற்கும் வடக்கே ஒரு கரும்புள்ளியைப் பார்த்தது. 15 மீட்டருக்கு 8 மீட்டர், கல்யாண மண்டப மேடை அளவுக்குச் சரளைக்கல். 1909இல் பியரியோடு துருவப் பயணம் போன ஓடாக் என்ற இனுயிட்டுக்காரர் (ஆர்க்டிக் பழங்குடி) பெயரை வைத்தார்கள். பிறகு அது காணாமல் போனது. 2021இல் இன்னொன்று கிடைத்து, அதற்கும் "கெகெர்தாக் அவன்னார்லெக்" என்று பெயர் முன்மொழிந்தார்கள். 2022இல் அங்கே கடலின் ஆழத்தை அளந்தபோது குட்டு உடைந்தது. இவையெல்லாம் தரைதட்டி நிற்கும் பனிப்பாறைகள். மேலே சரளை மூடியதால் தீவு மாதிரித் தெரிந்திருக்கின்றன. ஆகவே வடகோடி நிலம் என்று காஃபெக்ளுபெனைப் போடுங்கள்.

கடலைமிட்டாய்: புரொஜெக்‌ஷன் மாற்றினேன், நீளம் சரியாக வந்துவிட்டது. "ஓ"வும் போயிற்று. ஓடாக்கை அழித்துவிடவா?

நூல்கண்டு: அழிக்காதீர்கள். புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம் போட்டு, "1978இல் கண்டது, இப்போது இல்லை" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய குறிப்போடு அடுத்த ஆள் வந்து உங்களிடம் இதே கேள்வியைக் கேட்பார்.