வெள்ளோட்டத்தில் பின்னால் ஒருவர் இருக்கலாமா? மூன்று சொற்கள் உடனடியாகத் தேவை

கிளிநொச்சியிலிருந்து:

அன்புடையீர்,

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் திருத்துநர் வகுப்பு. அதற்கான பாடத்தாளை ஞாயிறு இரவே அச்சிட வேண்டும்; அதில் மூன்று இடங்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத்தான் இந்த மடல். என் பழைய மாணவர் ஒருவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். ஹொண்டா கோல்ட் விங் ஒன்றை வாங்கும் எண்ணத்தில், மனைவியைப் பின்னால் ஏற்றி ஓட்டிப் பார்த்து, அந்த அனுபவத்தை எனக்கு எழுதியிருக்கிறார். 1833 சிசி, ஆறு சிலிண்டர், ஏழு கியர். கியர் தானாக மாறும் முறை இந்த வண்டிக்கு 2018ஆம் ஆண்டு மாதிரியில் வந்தது. கிளச் லீவர் இல்லை, காலால் மாற்றும் கியரும் இல்லை.

உள்ளே இரண்டு கிளச்சுகள், எஞ்சினின் இழுவையைக் கியருக்குக் கொடுப்பவையும் விடுவிப்பவையும் அவைதான். 1, 3, 5, 7ஆம் கியர்களுக்கு ஒன்று. 2, 4, 6க்கு மற்றது. மூன்றாவதில் போகும்போதே நான்காவதைக் கோத்து வைத்துக்கொள்ள முடியும். ஒரு கிளச் விடுகிற கணத்தில் மற்றது பிடித்துவிடும், இழுவை அறுவதில்லை, அதனால் கியர் மாறும்போது உலுக்கலும் இல்லை. "மனைவியின் தலைக்கவசம் என் தலைக்கவசத்தில் ஒரு தடவையும் இடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். நான் இரண்டு பக்கத்தில் எழுதியதை மாணவர்கள் இந்த ஒரு வரியிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

மூன்று இடங்களில் நிற்கிறேன். வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பதற்கு என்ன சொல்? பின்னால் இருப்பவருக்கு என்ன சொல்? கியர் தானாக மாறும் முறைக்கு என்ன சொல்? "தன்னியக்க மோட்டார் சைக்கிள்" என்று எழுதினால் ஆளில்லாமல் ஓடும் வண்டி என்று நினைக்கிறார்கள். சென்ற கிழமை ஒரு மாணவர் அப்படியே கேட்டார்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

தம்பி, முதலாவதற்குச் சொல் தேடவே தேவையில்லை. வெள்ளோட்டம். தேர் கட்டி முடித்ததும் சுவாமியை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்க்கிறோமே, அது வெள்ளோட்டம். புதுக் கப்பலைக் கடலில் விட்டுப் பார்ப்பதும் வெள்ளோட்டம். 'வெள்' இங்கே நிறம் அன்று, வெறுமை. வெள்ளிடை (வெற்றிடம்), வெள்ளறிவு (அறிவின்மை) ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவதற்குப் புறநானூற்றின் 27ஆம் பாட்டுக்குப் போங்கள். "வலவன் ஏவா வான ஊர்தி." செலுத்துபவன் ஏவாமலே செல்லும் ஊர்தி என்ற எண்ணத்தை அன்றைக்கே நான்கு சொல்லில் வைத்துவிட்டார்கள். 'ஏவா' என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை எடுத்து 'ஏவாப் பற்சக்கரம்' என்று ஆக்கலாம். கிளச் என்பதையும் அப்படியே விட வேண்டாம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. குறைந்தது 'கிளச்சு' என்று உகரமாவது கொடுங்கள்.

இரண்டாவதுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பில்லியன்' (pillion) கேலிக் மொழியில் சேணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல். நம்மிடமும் சேணத்துக்குப் பல்லணம் என்ற சொல் உண்டு. அகராதிகள் அதை வடமொழிவழி என்கின்றன. ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து உறவு கொண்டாட மாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் பின்னால் இருப்பவருக்குப் பெயர் அவர் இருக்கும் இருக்கையிலிருந்தே பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த வழியில் 'பின்னிருக்கையர்' பொருந்தும்.

மாங்குளத்திலிருந்து:

ஐயாவுக்கு வணக்கம். கராஜ் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். 'ஏவா' இந்த வண்டிக்குப் பிழை. இடது கைப்பிடியில் கூட்டல், கழித்தல் பொத்தான்கள் இருக்கின்றன. ஓட்டுபவர் விரும்பினால் அழுத்தி கியரை ஏற்றலாம், இறக்கலாம். ஏவினாலும் கேட்கும், ஏவாவிட்டாலும் வேலை செய்யும்.

இன்னொன்று. 1990களில் பெற்றோல் இல்லாமல் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டிய எம்.டி. 90ஐ மறந்துவிட்டோமா? அதற்கும் கிளச் லீவர் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் கிளச் தானே பிடிக்கும். கியரைக் காலால் மாற்றுவோம். இன்று வீட்டுக்கு வீடு நிற்கும் ஸ்கூட்டரில் பெல்ட் இருக்கிறது, படிப்படியான கியர் இல்லை. கோல்ட் விங்கில் கியர் ஏழும் இருக்கின்றன, மாற்றுவதுதான் நம் வேலை இல்லை. ஒன்றில் கிளச் தானாக, ஒன்றில் கியரே இல்லை, ஒன்றில் இரண்டும் தானாக. மூன்றுக்கும் 'தன்னியக்கம்' என்று ஒரே பெயர் வைத்தால் பழுது பார்க்கும் பிள்ளை எதைக் கழற்றுவான்? கடையில் 'ஓட்டோ கியர்' என்கிறார்கள். இங்கே ஓட்டோ என்றால் முச்சக்கர வண்டி. அதுவும் சரிவராது.

பின்னால் இருப்பவரை நாங்கள் 'டபிள்' என்றுதான் சொல்லி வளர்ந்தோம். முறிகண்டி வரைக்கும் டபிள் போய்க் கச்சான் வாங்கிய யாரும் 'பின்னிருக்கையர்' என்று சொல்லமாட்டார்கள். எம்.டி. 90இல் பின்னிருக்கையே இல்லை. கரியரில் சாக்கை மடித்துப் போட்டு இருந்தோம்.

வவுனியாவிலிருந்து:

இருக்கையே இல்லாமல் இருந்தவருக்கு இருக்கையால் பெயர் வைக்க முடியாது என்ற மாங்குளத்து அண்ணாவின் வாதத்துக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

வெள்ளோட்டம் எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் ஐயா தந்த விளக்கமே அதை இந்த இடத்திலிருந்து விலக்குகிறது. வெள் என்றால் வெறுமை. சுவாமி ஏறாத தேர்தான் வெள்ளோட்டம் போகும். இந்தப் பாடத்தின் உயிரே பின்னால் ஒருவர் ஏறியிருப்பதில் இருக்கிறது. மேலும், வெள்ளோட்டம் செய்தவர் விடுவது. ஒரு வண்டிக்கு ஒரு முறைதான். விற்பனை நிலையத்து வண்டியை நாளுக்குப் பத்துப் பேர் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆகவே 'ஓட்டிப்பார்ப்பு'. சாதாரணச் சொல், யாருக்கும் விளங்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

விளங்கும் விளங்காது என்ற அளவுகோலை நான் ஏற்கவில்லை, மகள். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவர் ஆக்கிய சொற்கள் முதல் நாளே விளங்கியா இருக்கும்? வன்னியில் பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று பலகை போட்டபோது எத்தனை பேர் திகைத்தார்கள்! இன்றும் அந்தப் பெயரில் பாண் விற்கிறார்கள், குழந்தைகூட வாசிக்கிறது. சொல்லை முதலில் நட வேண்டும், பிறகுதான் நிழல்.

வவுனியாவிலிருந்து:

அதே காலத்தில் அதே ஊர்களில் மோட்டார் சைக்கிளுக்கு 'உந்துருளி'யும் நடப்பட்டது, ஐயா. நான் அதை விரும்புகிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் இந்த இழையில் ஐந்து மடல்கள் போய்விட்டன, நீங்கள் உட்பட ஒருவரும் அதை எழுதவில்லை.

ரொறன்ரோவிலிருந்து:

கணவரின் முகவரியிலிருந்து நான் எழுதுகிறேன். பின்னால் இருந்தவள் நான். பிறந்தது புதுக்குடியிருப்பு.

அந்த வண்டியில் பின் சஸ்பென்ஷனை (குலுக்கல் தாங்கும் அமைப்பை) இறுக்க நான்கு படிகள்: ஓட்டுபவர் தனியே, ஓட்டுபவரும் பொதியும், இருவர், இருவரும் பொதியும். நான் ஏறியதும் மூன்றாவதைத் தெரிவு செய்தோம். நெடுஞ்சாலையில் சோபாவில் இருப்பது போல இருந்தது. சிரமம் நிறுத்துமிடத்தில்தான். மெதுவாகத் திரும்பும்போது கிளச்சை அரைகுறையாகப் பிடித்து விடும் பழக்கம் கணவரின் கையில் இருக்கிறது, பிடிக்க லீவர் இல்லை. பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி திருப்பினார். வண்டி மட்டும் 350 கிலோவுக்கு மேல். அந்தத் திருப்பத்தில் நான் அசைந்திருந்தால் விழுந்திருப்போம். அவர் சாய்ந்த பக்கம் நானும் சாய்ந்தேன், அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். பயணி என்றோ பின்னிருக்கையர் என்றோ எழுதினால் நான் செய்த வேலை அதில் இல்லை. ஊரில் தனியே போகிறவரோடு கூடப் போவதைத் துணைக்குப் போவது என்போம். 'துணையிருப்பவர்' என்று போடுங்கள்.

மாங்குளத்திலிருந்து:

தங்கையின் சொல் நல்லது. ஆனால் திருத்துநர் பாடத்தில் எடை எங்கே விழுகிறது என்பதுதான் முதல். 'பின்' என்பது சொல்லில் இருக்க வேண்டும்.

கியருக்கு: 'தன்மாறு' என்று சிலர் தனி மடலில் எழுதினார்கள். அது மாறுவதில்லை, மாற்றப்படுகிறது. கிளச்சை எண்ணெய் அழுத்தம் இயக்குகிறது, கியரை ஒரு சிறிய மின்மோட்டார் திருப்புகிறது. மாறு தன்வினை, மாற்று பிறவினை. பள்ளியில் ஐயா படிப்பித்ததுதான். 'தன்மாற்றுக் கியர்' என்று போட்டால் மாற்றும் பொறி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதையாவது பிள்ளைகள் தேடுவார்கள்.

கிளிநொச்சியிலிருந்து:

இரவு பதினொன்றரை. அச்சுக்குப் போகிறது. 'ஓட்டிப்பார்ப்பு', 'பின்னிருப்பவர்', 'இரட்டைக் கிளச்சுத் தன்மாற்றுக் கியர்'. உகரம் ஐயாவுக்காகச் சேர்க்கப்பட்டது. 'பின்னிருப்பவர்' நால்வருக்கு இருவர் என்ற கணக்கில் வென்றது. அந்த நால்வரில் நானும் ஒருவன், முழு மனதோடு அல்ல. ரொறன்ரோத் திருப்பத்தை அப்படியே பயிற்சிக் கேள்வியாகப் போட்டிருக்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அச்சிட்டது அச்சிட்டதாக இருக்கட்டும். வெள்ளோட்டம் பற்றிய என் கருத்து மாறவில்லை. சுவாமியை ஏற்றுவதற்காகத்தானே தேரை முதலில் வெறுமையாக இழுக்கிறோம்? உங்கள் மாணவர் மனைவியை ஏற்றுமுன் அந்த வண்டியைத் தனியே ஒரு சுற்று ஓட்டியிருப்பார். ஓட்டினாரா என்று கேட்டு எழுதுங்கள், தம்பி.