கவுன்சில், டிரஸ்ட், ஃபெடரேஷன், கமிட்டி: ஆங்கில அமைப்புப் பெயர்களோடு நம் அனுபவங்கள்

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் உறுப்பினர்:

குழுக்களையும் அமைப்புகளையும் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொற்களுள் எனக்கு மிகுதியாக வேலை வைத்தது கவுன்சில் என்ற சொல்தான். மனித உரிமை வழக்கொன்றைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒருமுறை என்னிடம் வந்தது. அதன் தொடக்கத்தில் 'கவுன்சில் ஆஃப் யூரோப்' என்றிருந்தது. சில பத்திகள் தள்ளி 'யூரோப்பியன் கவுன்சில்' வந்தது. பிறகு 'கவுன்சில் ஆஃப் தி யூரோப்பியன் யூனியன்' வந்தது. அதே கட்டுரையை முன்பே தமிழில் சுருக்கி எழுதியிருந்த ஒருவர் மூன்றையும் 'ஐரோப்பிய மன்றம்' என்றே எழுதிச் சென்றிருந்தார். அந்தச் சுருக்கத்தைப் படிப்பவர், ஒரே மன்றம் நீதிமன்றம் நடத்துகிறது, சட்டமும் இயற்றுகிறது, உச்சி மாநாடும் கூட்டுகிறது என்றே எண்ணிக்கொள்வார்.

உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு அமைப்புகள். முதலாவது 1949இல் தொடங்கப்பட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து இயங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தது அன்று. இன்று அதில் 46 நாடுகள் உள்ளன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதன் கீழ்தான் வருகிறது. இரண்டாவது, ஒன்றியத்தின் 27 நாடுகளின் தலைவர்கள் கூடிப் பொதுவான திசையை முடிவு செய்யும் இடம். சட்டம் இயற்றுவது அதன் வேலையன்று. மூன்றாவதில் அந்த நாடுகளின் அமைச்சர்கள், வேளாண்மை என்றால் வேளாண் அமைச்சர்கள், நிதி என்றால் நிதியமைச்சர்கள் என்று பொருளுக்கேற்ப அமர்ந்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தோடு சேர்ந்து சட்டங்களை நிறைவேற்றுகிறார்கள். போதாக்குறைக்கு, முதல் அமைப்பு 1955இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு விண்மீன் கொடியையே ஒன்றியமும் பின்னர் தனதாக்கிக் கொண்டது. நான் 'ஐரோப்பியப் பேரவை', 'ஒன்றியத் தலைவர்கள் மன்றம்', 'ஒன்றிய அமைச்சர்கள் மன்றம்' என்று பிரித்து எழுதினேன். மூலத்தில் 'தலைவர்கள்' என்ற சொல்லே இல்லையே என்று பதிப்பாசிரியர் கேட்டார். யார் அமர்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த மூன்றையும் வாசகர் பிரித்தறிய வழியில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

டிரஸ்ட் என்ற சொல்லும் இதே வகைதான். எனக்குத் திருத்தக் கொடுத்திருந்த ஒரு வரைவில், ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் மீது 'அறக்கட்டளை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ்' வழக்குத் தொடரப்பட்டதாக ஒரு வாக்கியம் இருந்தது. மூலத்தில் இருந்த சொல் 'ஆன்டிடிரஸ்ட்'. அறக்கட்டளைகளை எந்த நாடாவது எதிர்த்துச் சட்டம் போடுமா என்று எழுதியவர் ஒரு கணம் நின்று யோசித்திருந்தால், வரலாறு அவருக்குக் கை கொடுத்திருக்கும். 1882இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் டிரஸ்ட் உருவானபோது, பல எண்ணெய் நிறுவனங்களின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளைச் சில பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு அதற்கு ஈடாகச் சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டார்கள். பிறருக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது என்ற பழைய சட்ட வடிவம் அங்கே ஒரு தொழில் முழுவதையும் ஒரு சிலர் கைக்குள் கொண்டுவரும் கருவியாயிற்று. அதை எதிர்த்து 1890இல் ஷெர்மன் சட்டம் வந்தது; 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே அந்த வாக்கியத்தில் வரவேண்டியது 'ஏகபோக எதிர்ப்புச் சட்டம்'.

விளையாட்டுச் செய்திப் பிரிவில் பணியாற்றும் உறுப்பினர்:

முதலில் எழுதிய நண்பர் சொல்வதை நாங்கள் கால்பந்துச் செய்திகளில் அன்றாடம் எதிர்கொள்கிறோம். நாட்டளவில் இருப்பது அசோசியேஷன். கண்ட அளவில் இருப்பது கான்ஃபெடரேஷன். அப்படி ஆறு உள்ளன. ஐரோப்பாவின் அமைப்பு மட்டும் தன் பெயரில் யூனியன் என்ற சொல்லை வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, 1904இல் பாரிஸில் பிறந்த ஃபிஃபா தன் பிரெஞ்சுப் பெயரில் ஃபெடரேஷன் என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. அதன் உறுப்பினர்கள் 211 நாட்டுச் சங்கங்கள்தாம். கண்ட அமைப்புகள் ஃபிஃபாவால் அங்கீகரிக்கப்பட்டவையே தவிர அதன் உறுப்பினர்கள் அல்ல. செய்தி முகமைகளிலிருந்து வரும் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இவை எல்லாவற்றையும் 'சம்மேளனம்' என்று எழுதிவிடுவதால், 'சம்மேளனம் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது' போன்ற வாக்கியம் ஒன்று என் மேசைக்கு வந்தது. யார் யாரை நீக்கினார்கள் என்று அதைப் படித்து எவராலும் சொல்ல முடியாது.

அந்த வேறுபாடு ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைத் தொடுவது. ஃபிஃபா ஒரு நாட்டுச் சங்கத்தை இடைநீக்கம் செய்தால், அந்தச் சங்கத்தின் கீழுள்ள கழகங்களும் பன்னாட்டுப் போட்டிகளில் ஆட முடியாது. தவறே செய்யாத கழகமும் வெளியே நிற்க நேரும். எனவே எங்கள் பிரிவில் நாட்டளவுக்குச் சங்கம், கண்ட அளவுக்குக் கூட்டமைப்பு, உலக அளவுக்குச் சம்மேளனம் என்று முடிவு செய்து, அதை மாற்றாமல் பின்பற்றி வருகிறோம்.

அரசியல் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு வியப்பைத் தரும். அங்கே கான்ஃபெடரேஷன் என்பது தளர்ந்த கட்டு. ஃபெடரேஷன் என்பது இறுகிய கட்டு. அமெரிக்க மாநிலங்கள் 1781இல் தளர்ந்த கட்டோடு தொடங்கி, மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லாமல் திணறியதால்தான் 1789இல் இன்றைய அரசமைப்புக்கு மாறின. ஆனால் சுவிட்சர்லாந்து 1848 முதல் கூட்டாட்சி நாடாக இருந்தும், அதன் அலுவல் பெயரில் கான்ஃபெடரேஷன்தான் இன்னும் நிற்கிறது. பெயரை மட்டும் பார்த்துக் கட்டின் வலுவை அளப்பது ஆபத்தானது.

முதலுதவித் தொண்டராக இருக்கும் உறுப்பினர்:

பயிற்சி வகுப்பில் ஒருவர் "செஞ்சிலுவைச் சங்கம் போர்க் கைதிகளைச் சந்தித்தது என்கிறார்கள், எந்தச் சங்கம்?" என்று கேட்டார். பயிற்சியாளர் கரும்பலகையில் மூன்று வட்டங்களை வரைந்தார். ஒன்று 1863இல் ஜெனீவாவில் ஐந்து பேர் தொடங்கிய கமிட்டி. போர்க்களத்தில் நடுநிலை நின்று கைதிகளைச் சந்திப்பது அதுவே. இன்னொன்று 1919இல் லீக் என்ற பெயரில் தொடங்கி, 1991இல் ஃபெடரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களில் நாடுகளின் உதவியை அது ஒருங்கிணைக்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே உள்ள சொசைட்டி. மூன்றும் சேர்ந்ததற்கு மூவ்மென்ட், அதாவது இயக்கம் என்று பெயர். சங்கம் என்ற சொல் சொசைட்டிக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அன்றுதான் தெளிவாக அறிந்தேன்.

ஆங்கிலம் கற்பிக்கும் உறுப்பினர்:

என் மாணவர்களை அதிகம் தடுமாறச் செய்வது படைப்பிரிவைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல். எழுத்தில் பி, எஸ் இரண்டும் இருந்தும் ஒலிப்பில் இரண்டும் இல்லை. ஒரு இ சேர்ந்தால் அது பிணத்தைக் குறிக்கும் வேறு சொல்லாகி, அந்த எழுத்துகளும் ஒலிக்கத் தொடங்கிவிடும். இன்னொன்று, கமிட்டி போன்ற சொற்களுக்குப் பிரித்தானியர் பன்மை வினையையும் இயல்பாகப் பயன்படுத்துவார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையையே விரும்புவார்கள். போலீஸ் என்ற சொல்லுக்கு இருவருமே பன்மை வினையே தருகிறார்கள்.

காகக் கூட்டத்துக்கு 'மர்டர்' என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் பட்டியல்களை நான் வகுப்பில் கொடுப்பதில்லை. அவற்றுள் பல, 1486இல் அச்சான 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்ற வேட்டை நூலின் பட்டியலிலிருந்து வந்தவை. சிங்கக் கூட்டத்துக்கான 'பிரைடு' போல ஒரு சில விலங்கியலாளர் வழக்கிலும் நிலைத்துவிட்டன. மற்றவை வினாடி வினாவுக்கு வெளியே அரிதாகவே வருகின்றன. அந்த நேரத்தில் போர்டும் பேனலும் எப்படி வேறுபடுகின்றன என்று கற்பது மாணவருக்குப் பன்மடங்கு பயன் தரும்.

கூட்டக் குறிப்புகள் எழுதும் பணியில் இருக்கும் உறுப்பினர்:

போர்டும் பேனலும் எப்படி வேறுபடுகின்றன என்பதை, ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் குறிப்பிட்டதால், என் பட்டறிவிலிருந்து சொல்கிறேன். போர்டு பெரும்பாலும் ஆளும் பொறுப்புடையது. அது எடுக்கும் முடிவுக்கு அதுவே விடை சொல்ல வேண்டும். பேனல் பெரும்பாலும் அறிந்தவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பதற்கானது. கமிட்டி, தன்னை அமர்த்தியவர்கள் ஒப்படைத்த வேலையைச் செய்துவிட்டு அவர்களிடமே அறிக்கை தரும். ஒப்படைத்தல் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் அது பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஒரு தனி ஆளைத்தான் குறித்தது. ஆகவே ஒரு கமிட்டி 'பரிந்துரைத்தது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'முடிவு செய்தது' என்று எழுதினால், குறிப்பின் பொருளே மாறிப்போகும்.

கவுன்சில் பற்றி முதல் நண்பர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஐக்கிய நாடுகள் அவையில் பாதுகாப்பு மன்றத்தில் 15 நாடுகள் உள்ளன. அதன் முடிவுகளை ஏற்றுச் செயல்படுத்த உறுப்பு நாடுகள் சாசனத்தின் 25ஆம் பிரிவின்படி கடமைப்பட்டவை. அதே கவுன்சில் என்ற சொல்லைத் தாங்கிய பொருளாதார சமூக மன்றத்தில் 54 நாடுகள் இருந்தும், அது பரிந்துரைக்கத்தான் முடியும். விடுதலை பெறாத சில நிலப்பகுதிகளின் ஆட்சியை மேற்பார்வையிட்ட அறங்காவல் மன்றமோ, தன் பொறுப்பிலிருந்த கடைசி நிலப்பகுதியான பசிபிக் தீவு நாடு பலாவ் விடுதலை பெற்றபின் 1994 நவம்பரில் பணியை நிறுத்திக்கொண்டது. சாசனத்தில் அதன் பெயர் நீக்கப்படவில்லை என்பதால், 'கலைக்கப்பட்டது' என்று எழுதாமல் 'செயல்பாட்டை நிறுத்திவைத்துள்ளது' என்றே எழுத வேண்டும்.