சிவன்மலைப் பாறை: மேண்டில் மக்மாவா, இல்லையா?

கொங்குக்கல்:
காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை பற்றிய போன இழையில் ஒருவர், "அது உருமாறிய பாறை, மக்மா கதையெல்லாம் சும்மா" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பதில் இங்கே: இது மேண்டிலில் (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) உண்டான மக்மா (உருகிய பாறைக்குழம்பு) ஏறி உறைந்த கல், உருகாமலே சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது அல்ல. இந்த மலையின் சயனைட் (ஃபெல்ஸ்பார் மிகுந்த, கிரானைட் போன்ற கல்) இரண்டு வகை: நெஃபலின் (சிலிக்கா குறைந்த சோடியத் தாது) உள்ளது, குருந்தம் (மிகக் கடினமான அலுமினாத் தாது) உள்ளது. இந்த நெஃபலின் சயனைட்டையும் குருந்தச் சயனைட்டையும் ஒரே தொடராகப் புவியியலாளர் ஹாலண்ட் 1901இலேயே எழுதிவைத்தார். இரண்டிலும் குவார்ட்ஸ் (தனிச் சிலிக்காவாலான தாது) கிடையாது. சுற்றியிருக்கும் நைஸ் (வரிவரியான உருமாறிய கல்) பாறையை உருக்கினால் கிரானைட் மாதிரிதான் வரும். சிலிக்கா மிஞ்சிக் குவார்ட்ஸாக நிற்கும். சிலிக்கா இவ்வளவு பற்றாமல், சோடியம் மிகுந்த குழம்பு வேண்டுமென்றால் மேண்டில் கொஞ்சமே கொஞ்சம் உருகி, அப்புறம் மெதுவாகப் படிகமாக வேண்டும்.

கிராவல் மணி:
அந்த ஒருவர் நான்தான். எங்கும் போய்விடவில்லை.
கல்லை உடைத்துப் பாருங்கள். கறுப்புத் தாதுக்கள் வரிவரியாக ஒரே திசையில் படுத்திருக்கின்றன. ஃபெல்ஸ்பார் நசுங்கி மறுபடி படிகமாகியிருக்கிறது. மக்மா அறையில் நிதானமாக உறைந்த கல்லுக்கு இந்த லட்சணம் எதற்கு? தவிர, இதுபோல் சோடியம், பொட்டாசியம் மிகுந்த காரப்பாறை என்றாலே கண்டம் பிளக்கும் இடம் என்பீர்கள். இந்தக் கல் உருவானதாக நீங்கள் சொல்லும் காலத்தில், ஏறக்குறைய 59 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே கண்டங்கள் முட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

நொய்யல்:
நடுவில் வருகிறேன், கோபிக்காதீர்கள் அண்ணா. கையில் இருப்பது நெஃபலினா குவார்ட்ஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொங்குக்கல்:
@நொய்யல், வெயில் மழை பட்ட பழைய முகத்தைப் பாருங்க. நெஃபலின் இருந்த இடம் அரித்துக் குழிகுழியாக இருக்கும், ஃபெல்ஸ்பார் மேடாக நிற்கும். புது உடைப்பில் எண்ணெய் தடவியது போல மினுங்கும். பொடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கூழாகிவிடும், குவார்ட்ஸ் அசையாது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சிலிக்கா கிடைத்தால் நெஃபலின் ஆல்பைட் என்ற ஃபெல்ஸ்பாராகிவிடும்.

@மணி, வரி விழுந்தது பிற்பாடு. இங்குள்ள பெக்மடைட் (பெரிய படிகங்கள் கொண்ட கல்) வகைச் சயனைட்டின் சிர்கான் தாதுவை யுரேனியம்-ஈய முறையில் அளந்து 2006இல் வெளியிட்டார்கள்: 59.02 கோடி ஆண்டு, பிழை 13 லட்சம். சுற்றுப்பாறையை நசுங்காமல் வெட்டிச் செல்லும் பெக்மடைட்டின் மோனசைட் தாதுவுக்கு வயது 47.8 கோடி, பிழை 2.9 கோடி. மக்மா ஏறியது முதலில். நசுங்கியது இந்த இரண்டுக்கும் இடையில். அதே ஆய்வில் அருந்தனிமங்கள் (மிகச் சிறிதளவே இருக்கும் தனிமங்கள்) செறிந்த கல், வற்றிய கல் என்று இரு கூட்டம் வருகிறது. சிர்கான், டைட்டனைட், அபடைட், அலனைட் முன்பே படிகமாகிப் பிரிந்ததால்தான் வற்றல். திடநிலையில் உருமாறிய கல்லுக்கு இந்தக் கைரேகை வராது.

கிராவல் மணி:
சரி, ஒரு காலத்தில் குழம்பாக இருந்தது, விடுங்கள். ஆனால் குழம்பு எங்கிருந்து வந்தது என்று சிர்கான் வயது சொல்லுமா? படிகம் பிரிந்ததும் குழம்பு உண்டான பிறகு நடந்த கதை. மேண்டில் என்பதற்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை.

குருந்தத்துக்கு வருவோம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் தங்கள் பங்கு அலுமினாவை எடுத்துக்கொண்ட பிறகும் மிஞ்சினால்தான் குருந்தம். சோடியம் மிகுந்த குழம்பு என்றீர்கள், பிறகு அலுமினா எப்படி மிஞ்சியது? பக்கத்துப் பாறையைத் தின்றிருக்க வேண்டும்.

கொங்குக்கல்:
தின்ன வேண்டியதே இல்லை. கிரானைட்டில் அலுமினா சற்று மிஞ்சினால் சிலிக்காவோடு சேர்ந்து மைக்காவாகவோ கார்னெட்டாகவோ போகும். இங்கே சேர்வதற்குச் சிலிக்காவே இல்லை. அற்ப மிச்சம்கூடக் குருந்தமாக நிற்கும். கடைசிக் கட்டத்தில் ஆவியோடு கொஞ்சம் சோடியம் வெளியேறினாலே போதும்.

பிளவு, மோதல் விஷயம்: செவ்வாத்தூர் கார்பனடைட் (காரக்குழம்போடு சேர்ந்து வரும் கார்பனேட் கல்) ஏறக்குறைய 80 கோடி ஆண்டு, ஒகேனக்கல் சுமார் 240 கோடி. வட தமிழ்நாட்டில் காரக்குழம்பு பலமுறை ஏறியிருக்கிறது. சிவன்மலை இருப்பதும் காவிரி வெட்டுமண்டலத்தின் (மேலோட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) தென் ஓரத்தில். மேலோடு முழுக்கப் பிளக்க வேண்டாம், ஆழமான பழைய விரிசல் ஒன்று நெகிழ்ந்தாலே வழி கிடைத்துவிடும்.

கிராவல் மணி:
ஆவியில் சோடியம் போனது என்றால் குருந்தம் மக்மாவின் சொத்து இல்லை, பிற்பாடு சம்பாதித்தது. அதைத்தானே நானும் சொல்கிறேன்! நெஃபலின் சயனைட், குருந்தச் சயனைட், சுற்றியுள்ள நைஸ் மூன்றின் நியோடிமியம், ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் எடை வேறான வகைகள்; குழம்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சயனைட் இரண்டும் ஒத்துப்போய், நைஸ் பக்கம் சாயாமல் இருந்தால் மேண்டில் என்று ஒத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் மலைமேல் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் ஐசோடோப்பு அட்டவணை வைக்கச் சொல்லி யாருக்காவது கனவு வந்தால்தான் உண்டு.

நொய்யல்:
குருந்தச் சயனைட்டை அடையாளம் காண்பது எப்படிங்க அண்ணா? அதையும் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.

கொங்குக்கல்:
வெளிர் ஃபெல்ஸ்பாருக்குள் சாம்பல்-பழுப்பில் அறுகோணப் பீப்பாய் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்க, கத்திதான் தேயும்.